மணக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?



வீட்டுக்குள் நாம் காசு கொடுத்து வாங்கிவரும் வாசனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊதுபத்தி, கப் சாம்பிராணி, கற்பூரம், வாசனை மெழுகுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே, குச்சி செருகி மேசைமேல் வைக்கும் நறுமண எண்ணெய்ப் புட்டி என்று அது பல உருவில் வருகிறது. சில ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளின் தோற்றம் மாறிவருவதைக் கவனித்திருப்பீர்கள். சாமி படமும் பூவின் படமும் இருந்த இடத்தில் இப்போது ஒரு பச்சை இலை. ‘நூறு சதவீதம் இயற்கை’ என்கிறது ஒரு பெட்டி. ‘ரசாயனம் இல்லாதது’ என்கிறது இன்னொன்று. ‘சூழலுக்கு உகந்தது’ என்கிறது மூன்றாவது. இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது? எதை நம்புவது? எதைத் திருப்பிக் கேட்பது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பத்து ரூபாய் ஊதுபத்திக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலருக்குத் தோன்றலாம். தாய்மார்களைக் கேட்கிறேன். கைக்குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறதா, இல்லையா? அந்தப் புகை முடியோடு நின்றுவிடுகிறதா? குழந்தையின் மூச்சுக்குள்ளும் போகிறது. குழந்தைக்கென்று வாங்கும்போது ஒரு தாய் பத்து ரூபாய் கூடக் கொடுத்து, ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும் பெட்டியைத் தேடி எடுக்கிறாள். அந்தச் சொல் பொய்யாக இருந்தால் அவள் இழப்பது அந்தப் பத்து ரூபாயை மட்டுமா? அவளுடைய அக்கறையையே விலைபேசியிருக்கிறார்கள். அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று சேர்மானங்கள் வரிசையாக இருக்கும். முகத்தில் பூசும் கிரீமைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் இருக்கும். ஊதுபத்திப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். விலை இருக்கும், எடை இருக்கும், முகவரி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இருக்குமா? பெரும்பாலான பெட்டிகளில் இருக்காது. வாயால் உண்பதற்குப் பட்டியல் உண்டு, தோலில் பூசுவதற்குப் பட்டியல் உண்டு, மூச்சில் இழுப்பதற்குப் பட்டியல் இல்லை! என்ன இல்லை என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சொல்கிறவர்கள், என்ன இருக்கிறது என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில்கூடச் சொல்வதில்லை. இந்தப் பேச்சு முழுவதும் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது?

அவர்கள் சொல்லாவிட்டால் நாம் சொல்லிப் பார்ப்போம். ஓர் ஊதுபத்தி எப்படி உருவாகிறது? நடுவில் மூங்கில் குச்சி. அதன்மேல் கரித்தூளும் மரத்தூளும், அவற்றைப் பிடித்துவைக்க ஜிகட் என்று தொழிலில் சொல்லும் பசையுள்ள மரப்பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைந்த மாவு. இதை உருட்டிக் காயவைத்தால் மணமில்லாத கறுப்புப் பத்தி கிடைக்கும். பிறகு அதை வாசனைத் திரவத்தில் முக்கி எடுக்கிறார்கள். அந்தத் திரவத்தை நீர்க்கவைக்க இந்தத் தொழிலில் பரவலாகப் பயன்படுவது டைஎத்தில் தாலேட், சுருக்கமாக டி.இ.பி. என்பார்கள். குச்சி மூங்கில்தான், மாவு மரம்தான், பட்டை இயற்கைதான். மணம் எங்கிருந்து வந்தது? நீங்கள் காசு கொடுத்தது மணத்துக்கு. ‘இயற்கை’ என்ற சொல் குச்சியைப் பற்றியதா, மணத்தைப் பற்றியதா? பெட்டி அதைச் சொல்வதில்லை.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். நிலக்கோட்டைச் சந்தைக்கும் சத்தியமங்கலம் சந்தைக்கும் வரும் மல்லிகை எல்லாம் தலையில் சூடவும் மாலை கட்டவும் மட்டும் போவதில்லை. ஒரு பகுதி வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. மல்லிகையை ரோஜாவைப் போல நீராவியில் வடிக்க முடியாது, அந்தச் சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். ஆகவே ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். ஹெக்சேன் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து. முதலில் மெழுகுபோல ஒரு பொருள் கிடைக்கும். அதைச் சுத்திகரித்த பிறகு தேறும் அசல் மல்லிகைச் சாறு ஒரு கிலோ வேண்டுமென்றால், கிட்டத்தட்ட ஒரு டன் பூ வேண்டும்.

மாணவர்களே, கணக்குப் போடுங்கள். பூ கிலோ முந்நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் ஆயிரத்தையும் தாண்டும், அதை விட்டுவிடுவோம். ஒரு டன் பூவுக்கு மூன்று லட்சம் ரூபாய். பறித்த கூலி, ஆலைச் செலவு, வியாபாரியின் லாபம் இதில் சேரவில்லை. இப்போது சொல்லுங்கள், இருபது ரூபாய்ப் பெட்டியில் ‘அசல் மல்லிகை’ எவ்வளவு இருக்க முடியும்? மல்லிகை மணத்தின் முக்கியக் கூறான பென்சைல் அசிடேட்டை ஆலையில் மலிவாகச் செய்துவிடலாம். பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

ஆலையில் செய்த மணம் குற்றமா? இல்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆலையில் செய்ததை ஆலையில் செய்தது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகம். ஆலையில் செய்துவிட்டு, பெட்டியில் பூந்தோட்டத்தை வரைந்து, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எழுதினால் அது ஏமாற்று. என் சண்டை மணத்தோடு அல்ல, அந்த வாசகத்தோடு.

இன்னும் ஒரு படி மேலே போவோம். இயற்கையாகவே இருந்தால் அது சூழலுக்கு நல்லதா? சந்தனத்தைப் பாருங்கள். ஜவ்வாது மலையும் சத்தியமங்கலம் காடும் சந்தனத்துக்காக எவ்வளவு கோடரிகளைப் பார்த்திருக்கின்றன என்பதைத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் சந்தனமரம் அருகிவிட்டது. பட்டா நிலத்துச் சந்தனமரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2002-இல்தான். அகில் மரத்தின் கதை இதைவிட மோசம். அரபு நாட்டு அத்தர் வரை விலைபோகும் அகில்கட்டைக்காக வெட்டி வெட்டி, இன்று அகில் இனங்கள் முழுவதும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளின் குந்திரிக்க மரங்களைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. முதிய மரங்கள் மடிகின்றன, இளங்கன்றுகள் தேறுவதில்லை, இருபது ஆண்டுகளில் பிசின் விளைச்சல் பாதியாகிவிடும் என்று எச்சரித்தது. ஆக, ‘அசல் காட்டுப் பிசின்’ என்று ஒருவர் பெருமையாக எழுதினால் அங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தக் காடு? யார் அனுமதி? மரம் உயிரோடு இருக்கிறதா?

அடுத்து, கற்பூரம்.

‘தூய இயற்கைக் கற்பூரம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கடைக்காரர் உங்கள் கண்முன்னே ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டுகிறார். எரிந்து முடிந்ததும் தட்டில் துளி சாம்பல் இல்லை. “பாத்தீங்களாம்மா, மிச்சமே இல்ல, அசல் இயற்கை” என்கிறார். நாமும் நம்பி வாங்கிவருகிறோம். அந்தச் சோதனை எதை நிரூபித்தது? அதில் மெழுகோ வேறு கலப்படமோ இல்லை என்பதை நிரூபித்திருக்கலாம். மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதை அது நிரூபிக்கவே முடியாது. ஏன்? இரண்டும் ஒரே வேதிப்பொருள், இரண்டுமே மிச்சமின்றி எரியும்.

இன்று சந்தையில் இருக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து செய்யப்படுவது. பைன் மரத்தில் வடியும் பிசினை வடித்தால் டர்பன்டைன். அதிலுள்ள ஆல்ஃபா பைனீன் என்ற பொருளை ஆலையில் பல படிகளில் மாற்றினால் கற்பூரம். ‘மரத்திலிருந்து பெறப்பட்டது’ என்று பெட்டியில் எழுதினால் அது பொய்யா? பொய்யில்லை. உண்மையா? முழு உண்மையும் இல்லை. மரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓர் ஆலை இருந்ததை மறைத்துவிட்டார்கள். கற்பூர மரத்திலிருந்து நேரே வந்ததையும் ஆலையில் செய்ததையும் ஒரு பரிசோதனைக்கூடம் பிரித்துவிடும். மரக் கற்பூரத்தின் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கம் திருப்பும். ஆலைக் கற்பூரம் பெரும்பாலும் திருப்பாது. அதற்குக் கருவி வேண்டும். தட்டும் தீக்குச்சியும் போதாது. கடைவாசலில் காட்டப்படும் எந்தச் சோதனையையும் பார்க்கும்போது, இது எதை நிரூபிக்கிறது என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

சாம்பிராணிக்கு வருவோம். சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். தணலில் தூவினால் புகையும். இன்று நகரத்து வீட்டில் தணல் ஏது? ஆகவே கப் சாம்பிராணி வந்தது, கம்ப்யூட்டர் சாம்பிராணி வந்தது. வசதிதான், மறுக்கவில்லை. அந்தக் கறுப்புக் கட்டியில் பெரும்பங்கு கரித்தூளும் மரத்தூளும் வாசனையும். பிசின் எத்தனை பங்கு? பெயர் சாம்பிராணி, படம் மூலிகை, அளவு மட்டும் மௌனம். ‘கரியில்லாத ஊதுபத்தி’ என்று ஒன்று வருகிறது. கரி இல்லை, சரி. அதற்குப் பதிலாக மரத்தூள் எரிகிறதே, அது புகையாதா? எதை எரித்தாலும் நுண்துகள் வரும், கார்பன் மோனாக்சைடு வரும். சாணத்தை எரித்தாலும் வரும், மூலிகையை எரித்தாலும் வரும்.

மூலிகை என்றதும் ஒரு கடுமையான எச்சரிக்கை. ‘மூலிகைக் கொசு ஊதுபத்தி’ என்ற பெயரில், பதிவு பெறாத பூச்சிக்கொல்லி கலந்த குச்சிகள் கடைகளில் புழங்குகின்றன. கொசுவைக் கொல்லும் எந்தப் பொருளும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பதிவு எண் உறையில் இருக்க வேண்டும். எண் இல்லையா? தொடாதீர்கள். குழந்தை தூங்கும் அறையில் அதைக் கொளுத்தவே கொளுத்தாதீர்கள்.

புகையே வேண்டாம், ஸ்ப்ரே அடித்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். சில டப்பாக்களில் ‘சி.எஃப்.சி. இல்லாதது, ஓசோனுக்கு நல்லது’ என்று இருக்கும். சி.எஃப்.சி. வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் எழுதியது 1974-இல். அவற்றைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது 1987-இல். அந்த உடன்படிக்கைப்படி இந்தியா போன்ற வளரும் நாடுகளும் அவற்றைக் கைவிட வேண்டிய கெடு 2010. அதாவது, சட்டம் எல்லோருக்கும் தடைசெய்த ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு இந்தத் தயாரிப்பாளர் உங்களிடம் பாராட்டுக் கேட்கிறார்! பெட்டிமேல் ‘திருடாதவர் தயாரித்தது’ என்று எழுதிக்கொள்வதைப் போல இருக்கிறது இது. சி.எஃப்.சி. இல்லை, சரி. உள்ளே என்ன இருக்கிறது? மணத்தைப் பீய்ச்சியடிக்கப் பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள். நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே குடும்பம். தீப்பற்றும் என்ற எச்சரிக்கை டப்பாவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நான் என் ஊகத்தைச் சொல்லவில்லை. 2007-இல் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று கடையிலிருந்து 14 அறை நறுமணப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. 12-இல் தாலேட்டுகள், அதாவது முன்பு சொன்ன டி.இ.பி.யின் குடும்பப் பொருள்கள், இருந்தன. ‘முழுக்க இயற்கை’ என்று எழுதியிருந்ததிலும் இருந்தன. ஒரு பொருளின் லேபிளில்கூட அந்தப் பெயர் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் ஸ்டைன்மன் 25 வாசனைப் பொருள்களை ஆராய்ந்தார். முடிவுகள் 2011-இல் ஓர் ஆய்விதழில் வந்தன. அவற்றிலிருந்து காற்றில் கலந்த ஆவிப்பொருள்கள் 133. லேபிளில் சொல்லப்பட்டிருந்தது எத்தனை? ஒன்றே ஒன்று! பச்சை இலை போட்ட பொருள்களாவது தேவலையா என்று பார்த்தார். ஆபத்தான ஆவிகளை வெளியிடுவதில் அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இயற்கையாகவே இருக்கும் லிமோனீன்கூட, காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். ‘ரசாயனம் இல்லாதது’ என்று ஒரு பொருள் உலகில் உண்டா? வேதியியல் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

வாசனை மெழுகுவர்த்திக்கு ஒரு வார்த்தை போதும். ‘சோயா மெழுகுக் கலவை’ என்றால் சோயா எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். மீதி பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு, ஆக இருக்கலாம்.

முத்திரைகளுக்கு வருகிறேன். இலை, உருண்டை பூமி, கைகள் ஏந்திய செடி என்று விதவிதமான முத்திரைகள். யார் கொடுத்த முத்திரை? அமெரிக்காவில் எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் தன் கண்ணாடி துடைக்கும் திரவத்தில் ‘கிரீன்லிஸ்ட்’ என்று ஒரு முத்திரை போட்டிருந்தது. வெளியார் சோதித்துக் கொடுத்த சான்று போலவே அது தெரிந்தது. உண்மையில் அது அந்த நிறுவனமே தனக்கு வைத்துக்கொண்ட திட்டம். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் சமரசமாகி, அந்தப் பொருளில் அந்த முத்திரையைப் போடுவதை நிறுவனம் கைவிட ஒப்புக்கொண்டது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தலாமா? நம் நாட்டில் அரசே 1991-இல் ஈகோமார்க் என்ற திட்டத்தை, மண்பானைச் சின்னத்தோடு கொண்டுவந்தது. அந்தப் பானையை எந்தப் பொருளிலாவது பார்த்த நினைவு உங்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? 2024-இல் அதற்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. இம்முறையாவது அது கடைத்தெருவுக்கு வந்துசேர வேண்டும்.

அன்பர்களே, இனி நம் கையில் இருக்கும் ஆயுதத்தைச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று ஒரு நெறிமுறையை வெளியிட்டது. கிரீன்வாஷிங் எனப்படும் பொய்யான பசுமை விளம்பரத்தைத் தடுப்பதற்கென்றே வந்த நெறிமுறை அது. ‘பசுமையானது’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘இயற்கையானது’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது. எந்த வகையில் என்று விளக்க வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும். பொருளைப் பற்றிச் சொல்கிறீர்களா, தயாரிக்கும் முறையையா, உறையையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ‘நச்சற்றது’, ‘மக்கக்கூடியது’, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்றால் நம்பத்தகுந்த சான்றோ அறிவியல் ஆதாரமோ வேண்டும். அந்த விவரத்தை விளம்பரத்திலேயோ கியூஆர் குறியீட்டின் வழியாகவோ நமக்குக் காட்ட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடாது. பச்சை நிறத்தையும் இலைப் படத்தையும் அது அப்படியே குற்றமாக்கவில்லை. அவை ஏமாற்றும் அளவுக்குப் போனால்தான் தடுக்கும். அந்த இடைவெளியில் நம் கண்தான் காவல்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் பேச வேண்டும். ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கும் பெண்கள் நம் நாட்டில் ஏராளம். கான்பூரில் கோயில்களில் கழித்த பூக்களைத் திரட்டி, கங்கையில் போய்ச் சேராமல் தடுத்து, அதிலிருந்து ஊதுபத்தி செய்கிறார்கள். நல்ல காரியம். சிறிய குழுக்களிடம் போய்ப் பன்னாட்டுச் சான்றிதழ் காட்டு என்று நான் கேட்கச் சொல்லவில்லை. அதற்கு அவர்களிடம் பணம் இருக்காது. ஆனால் ‘மூங்கில் குச்சி, கரித்தூள், இத்தனை பங்கு பூத்தூள், ஆலையில் செய்த வாசனை’ என்று நாலு வரி எழுத எவ்வளவு செலவாகும்? அந்த நாலு வரியை எழுதும் சிறு தயாரிப்பாளரின் பெட்டியை, பக்கம் முழுக்கப் பச்சை இலை வரைந்த பெரிய கம்பெனியின் பெட்டியைவிட மேலாக நான் மதிப்பேன். நீங்களும் மதியுங்கள், அவரிடமே வாங்குங்கள்.

“பாட்டி காலத்திலிருந்து கொளுத்துகிறோம், என்ன ஆகிவிட்டது” என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டியின் வீட்டில் முற்றம் இருந்தது, ஓட்டின் இடுக்கு வழியே புகை வெளியேறியது. நாம் ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுவிட்டுக் கொளுத்துகிறோம். கொளுத்துவது உங்கள் பக்தி, உங்கள் விருப்பம். ஜன்னலைத் திறந்துவையுங்கள், ஒரே குச்சியைக் கொளுத்துங்கள், தொட்டிலைத் தள்ளி வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பூஜை அலமாரியில் இருக்கும் பெட்டியை எடுங்கள். பொட்டலப் பொருள் விதிகளின்படி அதில் நுகர்வோர் தொடர்பு எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். “இயற்கை என்று போட்டிருக்கிறீர்களே, வாசனை எதிலிருந்து வருகிறது? ஆதாரத்தை எங்கே பார்க்கலாம்?” என்று கேளுங்கள். மாணவர்கள் இதை ஒரு வகுப்பு வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தெருக் கடையின் பெட்டிகளை எல்லாம் வரிசையாக வைத்து, எவற்றில் விவரம் இருக்கிறது, எவற்றில் வெறும் வாசகம் மட்டும் இருக்கிறது என்று எழுதி வாருங்கள். கம்பெனியிடமிருந்து பதில் வராவிட்டால், மழுப்பினால், பெட்டியைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசுங்கள்.